வீரசோழன் பஸ்ஸில் நான் படித்த இங்கிலீஷ்

எஸ்தர் கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் அழாத குறையாகப் பேசிக்கொண்டிருந்தபோது நான் சிரித்துவிட்டேன். உனக்குக் கோபம் வந்து போனை வைத்துவிட்டாய். வரத்தான் செய்யும். புது நாடு, புது ஆபீஸ், போதாக்குறைக்குக் குளிர். கூட்டத்தில் உன் மேலதிகாரி ஏதோ ஒரு சொல்லைச் சொல்லியிருக்கிறாள். சுற்றி இருந்தவர்கள் எல்லாம் தலையாட்டியிருக்கிறார்கள். உனக்கு மட்டும் அது என்னவென்று தெரியவில்லை. நீயும் சேர்ந்து தலையாட்டிவிட்டு வந்திருக்கிறாய். "இங்கிலீஷ் மீடியத்துல படிச்சு என்னம்மா பிரயோஜனம்? ஒங்களுக்கு வந்த மாதிரி எனக்குத் தானா வரலையே" என்றாய். அந்தக் கடைசிப் பேச்சுக்குத்தான் சிரித்தேன், கண்ணு. உன் கஷ்டத்தைப் பார்த்து இல்லை.

உனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து நான் வங்கி அதிகாரி. தொண்ணூறுகளில் நீ பள்ளிக்கூடம் போன காலத்தில், இங்கிலீஷ் பேப்பரை மடியில் விரித்து வைத்துக்கொண்டே உனக்குச் சடை பின்னிய அம்மாவைத்தான் பார்த்திருக்கிறாய். மேலிடத்துக்குப் போகிற கடிதங்களை மேனேஜர் வீடு வரைக்கும் கொண்டு வந்து கொடுத்து என்னிடம் திருத்தி வாங்கிப் போனதைப் பார்த்திருக்கிறாய். அதனால் இங்கிலீஷ் எனக்குப் பிறவியிலேயே வந்தது என்று நினைத்துக்கொண்டாய். வேலை, வீடு, டிரான்ஸ்பர் என்று வருஷங்கள் ஓடியதில் நானும் உட்கார்ந்து சொல்லவில்லை. இப்போது உன் அப்பாவும் நானும் மட்டும் இருக்கிற வீட்டில் பொழுது நிறையக் கிடக்கிறது. அது எனக்கு எப்படி வந்தது என்று முழுசாக எழுதிவிடுகிறேன். இதில் பாதி நடந்தபோது நீயும் கூடவே இருந்தாய், என் வயிற்றில்.

எண்பதுகளின் நடுவில் எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. திருச்சுழிப் பக்கம், அடுத்தவர் நிலத்தில் காட்டு வேலைக்குப் போகிற எங்கள் தெருவில் பி.ஏ. முடித்த முதல் ஆள் நான். கல்லூரிக்கு என்னை அனுப்பியதற்கு உன் தாத்தா கேட்காத பேச்சில்லை. உன் அப்பா அருப்புக்கோட்டை நூல் மில்லில் ஷிப்டு வேலை பார்த்தார். கல்யாணமான புதிதில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே, "இவ்வளவு படிச்சிட்டு வீட்டுல இருக்கப் போறியா?" என்பதுதான். அருப்புக்கோட்டையில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அவரே விண்ணப்பம் வாங்கி வந்தார். கல்யாணப் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு இன்டர்வியூவுக்குப் போனேன்.

உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். பள்ளிக்கூடத்தின் தாளாளர் நடுவில். எங்கள் பள்ளிக்கு ஏன் வர விரும்புகிறாய் என்று இங்கிலீஷில் கேட்டார். அதற்கு நான் வீட்டிலேயே பதில் தயார் செய்து வைத்திருந்தேன். சாதாரணமாக ஃபேமஸ் என்று சொன்னால் எடுபடாது, கொஞ்சம் பெரிய சொல்லாகப் போடுவோம் என்று என்னிடமிருந்த சின்ன அகராதியில் தேடிப் பிடித்திருந்தேன். "பெயர் பெற்ற" என்று அதில் போட்டிருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன்: "சார், யுவர் ஸ்கூல் இஸ் வெரி நொட்டோரியஸ் இன் திஸ் டிஸ்ட்ரிக்ட்."

தாளாளர் பக்கத்தில் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் மூன்று பேரும் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அந்தச் சொல்லுக்குக் கெட்ட பெயர் எடுத்த என்று அர்த்தமாம். திருடனுக்கும் ரௌடிக்கும் போடுகிற சொல்லாம். அதைக்கூட அவர்கள் நேராகச் சொல்லவில்லை, அவர்களுக்குள் பேசிக்கொண்டதிலிருந்து நானாகப் புரிந்துகொண்டேன். தாளாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் விண்ணப்பத்தைப் பார்த்தார். அப்பா தொழில் என்ற இடத்தில் விரலை வைத்தார். "காட்டுல களை எடுக்குற வீட்டுல இருந்து வந்துட்டு ஒனக்கு எதுக்கும்மா இம்புட்டுப் பெரிய வார்த்தையெல்லாம்?" என்றார். அவர்கள் சிரித்தபோது வராத கண்ணீர் அப்போது வந்தது. எழுந்து வந்துவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டில், என் மாமியார் ஊர் வழியாக வீரசோழனுக்குப் போகிற பஸ்ஸுக்கு நின்றபோது ஒரு பெண் பக்கத்தில் வந்தாள். அதே இன்டர்வியூவுக்கு வந்திருந்தவள்தான். அவள்தான் உன் பாத்திமா சித்தி. அன்றைக்குத்தான் முதலில் பார்க்கிறேன். "அக்கா, உள்ள போயி என்னத்தச் சொன்னீக? அப்படிச் சிரிச்சாக" என்றாள். சொன்னேன். அவளும் சிரித்தாள். ஆனால் அவள் சிரித்தபோது எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டு என்றும் பார்க்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அப்புறம் அவள் சொன்னாள், "நீங்க சொன்னது பொய்யின்னு யாருக்கா சொன்னா? இந்தச் சிரிப்புச் சிரிச்சவுக பள்ளிக்கூடத்துக்கு அந்த வார்த்தை சரியாத்தான் இருக்கு."

அவளுக்கும் அங்கே வேலை கிடைக்கவில்லை. அவள் வீட்டில் ஜவுளி வியாபாரம், பணத்துக்குக் குறைவில்லை. ஆனால் அவளுடைய அத்தா, "ஒரு வருஷம் தாரேன், அதுக்குள்ள வேலை கெடச்சாப் போ. இல்லாட்டி நான் பாக்குற மாப்பிள்ளைக்குத் தலையாட்டு" என்று சொல்லிவிட்டார். வங்கி அதிகாரி வேலைக்குப் பரீட்சை வைக்கிறார்கள், விளம்பரம் வந்திருக்கிறது என்று பஸ்ஸில் வரும்போது அவள்தான் சொன்னாள். கணக்கு, பொது அறிவு எல்லாம் படித்து ஏற்றிவிடலாம். இங்கிலீஷ் பேப்பர்தான் ஆளைக் கவிழ்க்கும். ஒரு சொல்லைக் கொடுத்து அதே பொருள் தருவது எது, எதிர்ப்பொருள் எது என்று பக்கம் பக்கமாகக் கேட்பார்கள். "எழுதுவமாக்கா?" என்றாள். என் நிறுத்தம் வந்துவிட்டது. இறங்கும்போது, "எழுதுவோம்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

மறு வாரமே அருப்புக்கோட்டையில் டைப்ரைட்டிங் வகுப்பில் இரண்டு பேரும் சேர்ந்தோம். அது வீட்டுக்குச் சொல்ல ஒரு காரணம். உண்மையான வகுப்பு நூலகத்தில் நடந்தது. அங்கே தலையணை மாதிரி ஒரு அகராதி இருந்தது. வீட்டுக்குத் தரமாட்டார்கள். தினமும் அதைப் பிரித்து, ஆளுக்கு ஒரு பக்கமாகப் பார்த்து எழுதிக்கொண்டு, திரும்பி வரும் பஸ்ஸில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வோம். சொன்னால் நம்பமாட்டாய், ஒன்றும் நிற்கவில்லை. காலையில் தெரிந்த சொல் சாயங்காலம் யாரோ எவரோ என்று போய்விடும். ஏ எழுத்தை முடித்துவிட்டு பி எழுத்துக்குப் போனால் ஏ காலியாகிவிடும். இரண்டு மாதம் இப்படி ஓடியதில் எனக்குச் சலித்துவிட்டது. மாமியார் வேறு, "டைப்படிக்கப் போறவ எதுக்கு வாய்க்குள்ளேயே மொணங்கிக்கிட்டுத் திரியுறா?" என்று உன் அப்பாவிடம் கேட்டார்.

வழி பிறந்தது பஸ்ஸில்தான். அந்த பஸ் கண்டக்டருக்கு வாய் ஓயவே ஓயாது. டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே மழை வராத கதை, மருமகன் கதை, விருதுநகரில் பருப்பு விலை என்று பேசிக்கொண்டே இருப்பார். ஒரு நாள் பாத்திமா என் காதில், "காருலஸ்" என்றாள். நூலகத்தில் அன்றைக்குத்தான் எழுதியிருந்தோம். வளவளவென்று பேசுகிறவர் என்று அர்த்தம். அதன் பிறகு அந்தச் சொல் எனக்கு மறக்கவில்லை. இன்றைக்கு வரைக்கும் மறக்கவில்லை. எங்கே அதைப் படித்தாலும் தோளில் தோல் பை மாட்டிய ஒரு மனிதர் வந்து நிற்கிறார். அதே பஸ்ஸின் டிரைவர் அதற்கு நேர் மாறு. மாசக் கணக்காகப் போய் வந்தும் அவர் குரலை நாங்கள் கேட்டதில்லை. அவருக்கு டாசிடர்ன் என்று வைத்தோம், வாய் திறக்காதவர். ஜோடியாக இரண்டு சொற்கள், எதிரும் புதிரும், ஒரே பஸ்ஸில்.

அன்றிலிருந்து ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் ஆளைப் பிடித்தோம். ஆள் கிடைக்காத சொல்லைப் படிக்கவே மாட்டோம். என் மாமியாருக்கு வைத்த சொல்லில் எங்களுக்குள் பெரிய சண்டையே வந்தது. பாத்திமா அவரை ஃப்ரூகல் என்றாள், சிக்கனமானவர். நான் பார்சிமோனியஸ் என்றேன், கஞ்சம். "ரெண்டும் ஒண்ணுதானக்கா, காசைப் பிடிச்சுப் பிடிச்சுச் செலவழிக்கிறது" என்றாள். யோசித்துப் பார்த்தேன். ஊருக்கு அவர் ஃப்ரூகல். எனக்குக் காப்பி ஊற்றும்போது மட்டும் பார்சிமோனியஸ். செய்கிற காரியம் ஒன்றுதான். யார் எங்கிருந்து பார்க்கிறார்கள் என்பதில் சொல் மாறுகிறது. நொட்டோரியஸ் என்று சொல்லி நான் கவிழ்ந்ததும் இதே இடத்தில்தான் என்று அப்போது விளங்கியது. அகராதி ஒரு சொல்லுக்கு அர்த்தம் சொல்லும். அது மெச்சுகிறதா, ஏசுகிறதா என்று மனிதர்கள்மேல் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். நீ இனிமேல் ஒரு புதுச் சொல்லைக் கேட்டால், இதை யார் யாரைப் பார்த்துச் சொல்வார்கள் என்று ஒரு தடவை யோசித்துப் பார். அது உன்னை விட்டுப் போகாது.

எங்கள் குசுகுசுப்பு ரொம்ப நாள் மறைவாக இருக்கவில்லை. எங்களுக்கு முன் சீட்டில் முத்துப்பேச்சி அக்கா உட்காருவார். மிளகாய் வத்தல் வியாபாரம். மூட்டையைப் பஸ் மேலே ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்தால் பஸ்ஸே கார நெடி அடிக்கும். ஒரு நாள் திரும்பி, "என்னங்கடி, ஆளாளுக்குப் பாத்துப் பாத்து இங்கிலீசுல சிரிக்கிறீக? என்ன சங்கதி?" என்றார். மறைக்க முடியாமல் சொல்லிவிட்டோம். கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால், "அப்ப எனக்கு என்ன பேரு வச்சிருக்கீக?" என்றார்.

நாங்கள் அவருக்கு நல்ல சொல்தான் வைத்திருந்தோம். "இன்டிஃபாட்டிகபிள்" என்று பெருமையாகச் சொன்னேன்.

"வாயில நொழையலயே. என்ன அர்த்தம்?"

"எவ்வளவு வேலை பாத்தாலும் அலுக்காதவகன்னு அர்த்தம்க்கா."

"அலுக்கலன்னு ஒனக்கு யாரு சொன்னா?" என்றார் முத்துப்பேச்சி அக்கா. "வீட்டுக்குப் போனா காலு ரெண்டும் கழண்டு விழுது. அலுக்காம இருக்க நான் என்ன மோட்டாரா? வேற வையி."

பஸ்ஸே சிரித்தது. பாத்திமா தன் தாளைப் புரட்டி, "ரெசிலியன்ட்" என்றாள். கீழே தள்ளினாலும் திரும்ப எழுந்திருக்கிறவர் என்று நான் விளக்கினேன். முத்துப்பேச்சி அக்கா அந்தச் சொல்லை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். அவர் புருஷன் விட்டுவிட்டுப் போனது, ஒரு வருஷம் வத்தல் மொத்தமும் மழையில் நனைந்து பூசணம் பிடித்தது எல்லாம் எங்களுக்கு அப்புறந்தான் தெரியும். "அது சரி," என்றார். "அது நாந்தேன்."

அதற்குப் பிறகு பஸ்ஸில் ஏறுகிறவர்கள் எல்லாம் தங்களுக்கு ஒரு சொல் கேட்டார்கள். கண்டக்டர் தன் சொல்லின் அர்த்தம் தெரிந்ததும், "நானா வளவளன்னு பேசுறேன்?" என்று ஆரம்பித்து அருப்புக்கோட்டை வருகிற வரைக்கும் நிறுத்தாமல் அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். எஸ்தர், நீ அந்தக் கூட்டத்தில் தலையாட்டினேன் என்றபோது எனக்கு அந்த பஸ்தான் ஞாபகம் வந்தது. அதில் வந்தவர்கள் யாரும் அர்த்தம் தெரியாமல் தலையாட்டவில்லை. "என்ன அர்த்தம்?" என்று சத்தமாகக் கேட்டார்கள். சொன்ன அர்த்தம் பொருந்தவில்லை என்றால் வேறு கொடு என்றும் கேட்டார்கள். கேட்டவர்கள் யாரும் சிறுத்துப் போகவில்லை. அடுத்த கூட்டத்தில் நீயும் கையை உயர்த்தி, இதற்கு என்ன பொருள் என்று கேள். தலையாட்டியவர்களில் பாதிப் பேர் உனக்கு மனசுக்குள் நன்றி சொல்வார்கள்.

வீட்டில் எனக்குப் பரீட்சை வைத்தவர் உன் அப்பா. அவர் பத்தாவது வரைக்கும் படித்தவர். எழுத்துக் கூட்டி வாசிப்பார். சைக்காலஜியை முதல் தடவை பார்த்துவிட்டு, "இதென்ன, பிசைகாலஜியா?" என்று கேட்டார், நம் வீட்டில் இன்றைக்கும் அதற்கு அதுதான் பெயர். ஆனால் அவரிடம் தப்பிக்கவே முடியாது. புத்தகத்தில் இருக்கிற அர்த்தத்தை ஒப்பித்தால் ஏற்றுக்கொள்ள மாட்டார். "எனக்கு வெளங்குறாப்ல சொல்லு" என்பார். ஒரு நாள் ரிலக்டன்ட் என்ற சொல்லுக்கு, விருப்பமில்லாத என்றேன். "விருப்பமில்லாதவன் செய்யவே மாட்டானே?" என்றார். "செய்வான், மனசில்லாம செய்வான்" என்றேன். "ஆங், ஞாயித்துக்கெழம ஓவர்டைம் பாக்கக் கூப்பிட்டா நான் போறனே, அந்த மாதிரி" என்றார். அதுதான் எனக்குச் சரியான விடை. அவருக்கு விளங்கிவிட்டது என்றால் எனக்கு விளங்கிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் நீ உண்டானாய். பரீட்சைக்கு மதுரைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தபோது எனக்கு ஏழாம் மாதம். உன் அப்பத்தா ஒரே பிடியாக நின்றார். "புள்ளத்தாச்சியப் பஸ்ஸுல மதுரைக்கு அனுப்பணுமா? அடுத்த வருஷம் எழுதட்டும்" என்றார். அவர் சொன்னதும் அன்பில்தான். எனக்கே பயம் இருந்தது. உன் அப்பா என்னைக் கேட்டார், "ஒனக்கு என்ன தோணுது?" நான் சொன்னேன், "இப்ப எழுதலன்னா அடுத்த வருஷம் கைப்பிள்ளை இருக்கும். அதுக்கு அடுத்த வருஷம் வேற ஏதாவது இருக்கும்." உன் அப்பா தன் அம்மாவிடம் போய், "அவ போறா. நான் கூடப் போறேன்" என்று மட்டும் சொன்னார். பரீட்சை அன்று விடிந்ததும் பார்த்தால், எனக்குச் சாப்பாடு கட்டி வைத்திருந்தது உன் அப்பத்தாதான். எப்போதும் அளந்து ஊற்றுகிற நெய், அன்றைக்கு இலையை விட்டு வழிந்தது.

அன்றைக்கென்று பஸ் டயர் வெடித்தது. கருவேல மரங்களும் வெயிலும் தவிர ஒன்றும் இல்லாத இடம். மாற்று டயரும் சரியில்லை. கண்டக்டர் பேசிக்கொண்டிருந்தார், பாத்திமா அழ ஆரம்பித்துவிட்டாள், நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். அப்போது பருத்தி ஏற்றிய ஒரு லாரி வந்தது. எங்கள் டிரைவர், அந்த வாயே திறக்காத மனிதர், ரோட்டுக்கு நடுவில் போய்க் கையை விரித்து நின்றுவிட்டார். லாரிக்காரர் கத்திக்கொண்டே நிறுத்தினார். "யோவ், கத்தாத," என்றார் எங்கள் டிரைவர். "ரெண்டு புள்ளைக பெரிய பரீச்ச எழுதணும். எங்க பஸ்ஸுப் புள்ளைக. அருப்புக்கோட்டையில மதுரை வண்டி கெளம்புறதுக்குள்ள கொண்டு போயி ஏத்தி விடணும். மாசமா இருக்கு அந்தப் பிள்ள, பாத்து ஓட்டு." இவ்வளவு பேசுவார் என்று யாருக்குத் தெரியும்! அவருக்கு நாங்கள் வைத்த சொல்லில் பிழை ஒன்றும் இல்லை. வாய் திறக்காதவர் என்றால் பேசத் தெரியாதவர் இல்லை. பேசவேண்டிய நேரத்துக்குப் பேச்சைச் சேர்த்து வைத்திருப்பவர். முன்னால் உட்கார எனக்கு இடம் கொடுத்தார்கள். பாத்திமாவும் உன் அப்பாவும் பருத்தி மூட்டைமேல் வந்தார்கள்.

மதுரைக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்து, பரீட்சைக் கூடத்தில் இங்கிலீஷ் பேப்பரைத் திறந்தேன். முதல் பக்கத்திலேயே கண்டக்டர் உட்கார்ந்திருந்தார். அடுத்த பக்கத்தில் என் மாமியார், ரொம்ப ஜம்பமாக. உன் அப்பா ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேற்பார்வைக்கு நின்றவர் முறைத்துப் பார்த்தார். அந்தக் கூடத்தில் கான்வென்டில் படித்தவர்கள் எத்தனையோ பேர் பேனாவைக் கடித்துக்கொண்டு இருந்தார்கள். நான் ஓர் ஊரையே உள்ளே கூட்டிக்கொண்டு வந்து எழுதிக்கொண்டிருந்தேன். நீ வேறு உள்ளிருந்து உதைத்துக்கொண்டே இருந்தாய்.

இரண்டு பேரும் தேறினோம். நேர்முகத் தேர்வு சென்னையில். அப்போது நீ கைக்குழந்தை. உன்னையும் தூக்கிக்கொண்டு ரயிலேறினோம். அந்தப் பெரிய கட்டடத்தின் தாழ்வாரத்தில் உன் அப்பா உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். கோட்டுப் போட்டவர்கள் எல்லாம் அவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளே நான்கு பேர். ஊர், குடும்பம், விவசாயம் என்று கேட்டார்கள். அப்பா தொழிலைக் கேட்டார்கள். காட்டு வேலை, கொஞ்சம் குத்தகை மானாவாரி என்று குரல் இறக்காமல் சொன்னேன். ஓரத்தில் இருந்த ஒரு பெரியவர் என் மார்க்கைப் பார்த்துவிட்டு, இங்கிலீஷில் சொன்னார்: "சொற்களை நன்றாக மனப்பாடம் செய்திருக்கிறீர்கள் போலிருக்கிறது. ஆப்ஸ்டினேட், ஸ்டெட்ஃபாஸ்ட். இரண்டும் மாறாமல் நிற்பதுதானே? என்ன வித்தியாசம்?"

எனக்கு உன் தாத்தா ஞாபகம் வந்தார். "சார், என் அப்பா மழையை நம்பி ஒவ்வொரு வருஷமும் விதைக்கிறார்" என்றேன். "மழை பொய்த்த வருஷம் ஊரே அவரைப் பிடிவாதக்காரன் என்கிறது. அது ஆப்ஸ்டினேட். மழை பெய்த வருஷம் அதே ஊர் அவரை உறுதியானவர் என்கிறது. அது ஸ்டெட்ஃபாஸ்ட். இரண்டு வருஷமும் அப்பா ஒரே ஆள்தான், சார். மாறியது வானம்."

பெரியவர் பேனாவை வைத்துவிட்டார். "இந்த வருஷம்?" என்று கேட்டார்.

"விதைத்திருக்கிறார், சார். இன்னும் மழை இல்லை."

நான்கு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு என்னைச் சேர்த்துக்கொண்ட சிரிப்பு. அதே நேரம் வெளியே நீ வீறிட்டு அழுதாய். யார் குழந்தை என்று கேட்டார்கள். என்னுடையதுதான் என்றேன். போய்ப் பார்க்கவேண்டுமா என்றார் பெரியவர். "வேண்டாம் சார், அவள் அப்பா பார்த்துக்கொள்வார். நீங்கள் அடுத்த கேள்வியைக் கேளுங்கள்" என்றேன். எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

பாத்திமாவுக்கு அந்தத் தடவை நேர்முகத் தேர்வில் தவறிவிட்டது. அவள் அத்தா கெடு வைத்த வருஷமும் முடிந்திருந்தது. ஆனால் மதுரை வரைக்கும் போய் எழுத்துத் தேர்வில் தேறி வந்த மகளைப் பார்த்து அவர் மனசு மாறிவிட்டது. "இன்னொரு வருஷம் எடுத்துக்க" என்றார். அடுத்த முறை அவளும் அதிகாரியாகி, தனக்குப் பிடித்த மாப்பிள்ளையைத் தானே தேர்ந்தெடுத்தாள். உன் பாத்திமா சித்தி வீட்டு பிரியாணியைச் சாப்பிடும்போதெல்லாம் அதையும் சேர்த்து நினைத்துக்கொள்.

ஆர்டர் வந்த செய்தியைச் சொல்ல உன்னையும் தூக்கிக்கொண்டு உன் தாத்தா ஊருக்குப் போனோம். ஊருக்குத் திரும்புகிற விலக்கில் இறங்கும்போதே பாட்டுச் சத்தம் கேட்டது. யார் வீட்டில் கல்யாணம் என்று உன் அப்பாவிடம் கேட்டேன். கல்யாணம் இல்லை. உன் தாத்தாவுக்குச் செய்தி எப்படியோ முந்தியே போய்விட்டது. திருச்சுழியிலிருந்து ரேடியோ செட் வரவழைத்து, எங்கள் தெரு வேப்பமரத்தில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டி, காலையிலிருந்து பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் வேலை பார்த்த காட்டுக்காரர் வீட்டிலிருந்து ஆள் வந்து, "யாரைக் கேட்டு ரேடியோ கட்டுன? என்ன விசேஷம்?" என்று கேட்டிருக்கிறான். முன்பெல்லாம் அந்த வீட்டு ஆளைக் கண்டால் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்கிற உன் தாத்தா, துண்டைத் தோளிலேயே போட்டுக்கொண்டு, "எம்மக பேங்குல ஆபீசர் ஆயிருச்சு. சாயந்தரம் மைக்குல பேசும். அவுகளையும் வந்து கேக்கச் சொல்லு" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

"மைக்குல நான் என்னத்தப்பா பேச?" என்றேன்.

"இங்கிலீசு பேசு தாயி. தமிழ்தான் நாங்க எல்லாரும் பேசுறமே" என்றார்.

சாயங்காலம் தெருவே கூடிவிட்டது. மூட்டையோடு பஸ்ஸில் அந்த வழியாகப் போன முத்துப்பேச்சி அக்காகூட இறங்கி வந்து நின்றார். காட்டுக்காரர் வந்தார்; தெருமுனையில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். உன்னை உன் தாத்தா மடியில் கொடுத்துவிட்டு நான் மைக்கைப் பிடித்தேன். இந்த மண்ணைப் பற்றிப் பேசினேன். குனிந்து களையெடுத்த என் அம்மாவின் முதுகைப் பற்றிப் பேசினேன். கண்மாய் வற்றின வருஷங்களில் என் படிப்பை நிறுத்தாத அப்பாவைப் பற்றிப் பேசினேன். எங்கெங்கோ சேர்த்து வைத்த சொற்கள் எல்லாம் நான் கூப்பிடாமலே வந்தன. குழாய் வழியாக அந்த இங்கிலீஷ் எங்கள் கூரைகளுக்கு மேலாகப் போய், காட்டுக்காரர் வீட்டைத் தாண்டி, காடு வரைக்கும் கேட்டது. நான் முடித்ததும் விழுந்த கைதட்டலில் நீ பயந்து அழுதாய்.

மைக்கை வைத்துவிட்டு உன் தாத்தாவிடம் வந்தேன். அவர் உன்னைத் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார், கண்கள் நனைந்திருந்தன. "வெளங்குச்சாப்பா?" என்று கேட்டேன்.

"ஒரு எழுத்தும் வெளங்கல தாயி," என்றார். "ஆனா ஒரு எடத்துலகூட நீ தடுமாறி நிக்கல. அது வெளங்குச்சு."

உன்
அம்மா